மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல்

ஜனவரி 6

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். உன் அண்ணிக்கு மட்டும் முதுகுவலி, சொல்லாமல் வரும் விருந்தாளி மாதிரி, வந்து வந்து போகிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை அனுப்பிய போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது என்று அண்ணி இரண்டு நாள் புலம்பினாள்.

இத்துடன் பதினாறு முனைகள் இருக்கின்றன. எழுத்துமுனை எட்டு, கத்திமுனை நாலு, கரண்டிமுனை நாலு. கரண்டிதான் கொஞ்ச நாளாக என்னைப் படுத்துகிறது. கம்பியை வளைத்து, வளைவைப் பட்டடையில் வைத்து இலை மாதிரி தட்டி, குழித்து, ஓரத்தை அரத்தால் ராவி முடிக்கும்போது, பார்த்தால் வாய் பிளந்திருக்கிறது. தலைமுடி அளவுக்குத்தான் கீறல். ஆனால் சூடு ஏறியதும் அந்த இடம்தான் முதலில் பழுத்து அறுந்துபோகும். கம்பிச்சுருள் சரியில்லை என்று நினைக்கிறேன். கடைக்காரரிடம் சத்தம் போட்டேன்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வந்து, "பேனா முனைன்னு சொல்றீங்க, மை எங்க ஊத்துவீங்க?" என்று கேட்டார். "இதுல மை கிடையாதும்மா. மின்சாரம் பாஞ்சா இந்தக் கம்பி பழுக்கும், மரத்துல வெச்சா கருகும். அந்தக் கருகல்தான் எழுத்து" என்றேன். "அப்போ தப்பா எழுதிட்டா?" என்றார். "அழிக்க முடியாது" என்றேன். "நல்ல வேளை, எனக்குத் தையல். பிரிச்சுக்கலாம்" என்று போய்விட்டார்.

நம் வாலுப்பெண்ணுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது. இப்போது என் பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து அவளும் முனை செய்கிறாள். பின்னல் ஊசியில் கம்பியைச் சுற்றி ஒன்று செய்தாள், ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. "நொண்டி முனை" என்று அவளே பேர் வைத்துவிட்டாள். நான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் பேனாவைத் தொடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறாள். மற்ற விஷயத்தில் வால்தான், இதில் மட்டும் பெரிய மனுஷி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

ஜனவரி 24

அன்புள்ள அண்ணா,

நான் சௌக்கியம். கழுத்தெலும்பு பிறவியிலேயே அப்படித்தான் என்று அண்ணியிடம் சொல். அண்ணியின் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை பட்டறையே கதி என்று கிடக்கிறாயா?

முனைகள் வந்தன. எழுத்துமுனை பிரமாதம், தாளில் பென்சில் போவதுபோல் மரத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. இங்கே என்னோடு வேலை செய்கிறவர்கள் கடையில் வாங்கும் முனைகளைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வரும். "உனக்கென்ன, அண்ணன் இருக்கான்" என்கிறார்கள்.

ஒரு பெரிய வேலை வந்திருக்கிறது. ஒரு மருத்துவமனையின் காத்திருக்கும் கூடத்துக்கு ஆறு பலகை. ஒவ்வொன்றும் என் உயரம். குளம், நாணல், அதில் கொக்குகள். முதலாளி வேறு யாரிடமும் கொடுக்காமல் என்னிடம் கொடுத்திருக்கிறார். இறகுக்கு நிழல் போடக் கரண்டிமுனை இல்லாமல் முடியாது. மார்ச் கடைசிக்குள் பத்துக் கரண்டி வேண்டும், வழக்கத்தைவிட ஒரு நூல் அகலமாக. உன்னிடம் இருக்கும் கம்பியிலேயே செய்து அனுப்பு. பிளந்தால் பிளக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

வாலு செய்த நொண்டி முனையையும் அனுப்பச் சொல். ஒரு கொக்காவது நொண்டிக் கொக்காக இருக்கட்டும்.

அன்புடன்
தங்கை

பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் சுகத்தைக் கோருகிறேன்.

எழுத்துமுனை பத்து, கத்திமுனை ஆறு அனுப்பியிருக்கிறேன். கரண்டி இந்தத் தடவை இல்லை. வேலை அதிகம்.

சுட்ட தழும்பு மறைவதற்கு அங்கே நல்ல களிம்பு ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்து எழுது. வாடிக்கையாளர் ஒருவர் கேட்டார்.

அண்ணி விசாரித்தாள்.

அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

நான் நலம். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. நீ தந்தி அடிக்கிற ஆள் இல்லையே. காய்ச்சலா?

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டேன். "இரு, அண்ணிகிட்ட குடுக்கிறேன்" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அண்ணி வாலுவைக் கூப்பிட்டாள். அவள் வந்து "நல்லா இருக்கேன் அத்தை" என்று மட்டும் சொன்னாள். கூப்பிட்டால் ஒரு மணி நேரம் கதை சொல்கிற பெண். பள்ளிக்கூடத்தில் ஏதாவது சண்டையா?

களிம்பு அனுப்பியிருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் அக்கா எல்லாத் தழும்புக்கும் இதைத்தான் போடுகிறார். காயம் முழுக்க ஆறிய பிறகு, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. அந்த வாடிக்கையாளருக்கு எங்கே சுட்டது? எப்படிச் சுட்டது?

கரண்டிமுனையை மறந்துவிடாதே. கொக்கெல்லாம் வெறும் கோடாக நிற்கிறது, இறகு பிடுங்கியது மாதிரி.

தங்கை

மார்ச் 22

அன்புள்ள அத்தைக்கு,

வாலு எழுதுவது. நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? உங்க கொக்கு நல்லா இருக்கா?

நீங்க அனுப்புன களிம்பு வந்துச்சு. அது வாடிக்கையாளருக்குன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அது எனக்குத்தான் அத்தை. அப்பாவுக்கு என்னால வெக்கமா இருக்கும், அதனால அப்படி எழுதியிருப்பாங்க. நான் சொன்ன பேச்சு கேக்கல.

அப்பா சூடா இருக்கு தொடாதே தொடாதேன்னு சொல்லச் சொல்ல நான் பேனாவைத் தொட்டுட்டேன். தொட்டது எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. வலிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அப்பாதான் அம்மாகிட்ட சொன்னாங்க. அம்மா அடிச்சாங்க. அப்புறம் தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடுனாங்க. நர்சக்கா கட்டுப் போட்டாங்க. இனிமே தொடுவியான்னு கேட்டாங்க. தொடமாட்டேன்னு சொன்னேன்.

காயம் மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி இருக்கு, கையோட வெளிப்பக்கம். இந்த மாதிரி (கீழே படம் போட்டிருக்கேன்). ஒரு பக்கம் அகலமா இருக்கும், அப்புறம் ஒல்லியாப் போகும். தலைப்பிரட்டை மாதிரி. வகுப்புல எல்லாரும் பாத்தாங்க.

நான் இப்ப பட்டறைக்குப் போறதில்ல. நொண்டி முனை எங்கன்னு தெரியல.

இப்படிக்கு
வாலு

ஏப்ரல் 2

என் கண்ணு வாலுவுக்கு,

அத்தை நலம். உன் கடிதம் படித்து மனசு பதறிவிட்டது. களிம்பை ஒழுங்காகப் போடு, சொறியாதே.

கண்ணு, அத்தை சொல்வதைக் கோபிக்காமல் கேள். பெரியவர்கள் ஒன்று வேண்டாம் என்றால் அதில் காரணம் இருக்கும். அப்பா இத்தனை வருஷமாக நெருப்போடு வேலை செய்கிறார், அவருக்குத் தெரியாதா? நீ தொட்டதால் அம்மாவும் அப்பாவும் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார். அப்பா உனக்காகத்தான் சொல்கிறார். இனிமேல் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கும் பெண்ணாக இருக்க வேண்டும், சரியா? அத்தைக்கு வாக்குக் கொடு.

முத்தங்களுடன்
அத்தை

ஏப்ரல் 25

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். என் முதுகு இப்போது பரவாயில்லை. நீ வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

வாலுவுக்கு நீ எழுதிய புத்திமதி நல்ல வேலை செய்தது. அந்தக் காகிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். வால் என்று பேர் வைத்த பெண் இப்போது இருக்கிற இடம் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட, "அம்மா, இந்த டம்ளரை எடுக்கலாமா?" என்று கேட்கிறாள். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. இப்போது சிரிப்பு வருவதில்லை. நேற்று தையல்காரம்மா, "சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?" என்று கிண்டல் செய்தார். இவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பதற்றத்தில் நான் அவள் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டேன். வெந்த கையோடு நிற்கிற பிள்ளையை அடித்தேன். அது என் மனசை அறுக்கிறது. ஆனால் அப்பா தொடாதே என்று அத்தனை தடவை சொல்லியும் தொட்டாளே என்று ஆத்திரம்.

உன் அண்ணன் கதையைக் கேள். அன்றிலிருந்து அவர் ஆளே சரியில்லை. பாதிச் சோற்றில் எழுந்துபோகிறார். கரண்டிமுனை செய்யும் சாமான்களை எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். வாலு கையில் களிம்பு போடும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எழுந்து வெளியே போய்விடுகிறார். பெண் மேல் அவ்வளவு பாசம். காயத்தைப் பார்க்கத் தாங்கவில்லை. நீயாவது இரண்டு வார்த்தை ஆறுதலாக எழுது.

அன்புடன்
அண்ணி

மே 5

அண்ணா,

நான் நலமாக இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதையாவது தபாலில் போட்டுவிட வேண்டும்.

உன் பெண் எனக்கு எழுதிய கடிதத்தில் காயத்தைப் படம் போட்டு அனுப்பியிருந்தாள். அவளுக்குப் புத்தி சொல்லும் அவசரத்தில் அன்றைக்கு நான் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. அண்ணியின் கடிதம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தேன்.

நான் தினமும் இந்தப் பேனாவைப் பிடிக்கிறவள். என் வலது கையில் பதினொரு தழும்பு இருக்கிறது, நேற்று எண்ணினேன். எல்லாம் விரல் நுனியில், கட்டைவிரல் ஓரத்தில். இங்கே வேலை செய்யும் எல்லோரிடமும் கையைக் காட்டச் சொன்னேன். அவர்களுக்கும் அங்கேதான். ஒரு பொருளைத் தொடுகிற பிள்ளை விரலால்தான் தொடும். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி, வெளிப்பக்கத்தில் சூடு வாங்கிக்கொள்ள, அவள் எப்படித் தொட்டிருக்க வேண்டும்?

அவள் படத்தில் இருப்பது கரண்டிமுனையின் தடம். அகலமாக ஆரம்பித்து, இழுத்துக்கொண்டு போய், ஒல்லியாக முடிகிறது. நான் ஒரு நாளில் நூறு தடவை மரத்தில் போடுகிற கோடு அது. பேனா நகர்ந்தால்தான் வரும். அவள் கையை வெடுக்கென்று இழுத்திருப்பாள், அதனால் வந்த கோடு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். இருக்கலாம். இருந்தால் நான் கேட்பதை மன்னித்துவிடு.

பேனா யார் கையில் இருந்தது, அண்ணா?

தங்கை

ஜூலை 11

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாததற்குக் காரணம் என்று எதையும் எழுத மாட்டேன். நீ இரண்டு தடவை தொலைபேசியில் கூப்பிட்டபோதும் நான் வீட்டில்தான் இருந்தேன்.

பேனா என் கையில் இருந்தது.

அன்று காலை ஒரு பொட்டலம் திரும்பி வந்திருந்தது. வேறொரு வாடிக்கையாளருக்கு நான் அனுப்பிய கரண்டிமுனைகள், இருபதும் பிளந்தவை. "உங்கள் வேலை முன்போல் இல்லை" என்று ஒரு துண்டுச் சீட்டு. நான் கம்பியைத் திட்டிக்கொண்டு, மீதியிருந்த ஒன்றைப் பேனாவில் மாட்டிச் சூடேற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாலு முக்காலியில் இருந்தாள். அவள் செய்த கரண்டி ஒன்றை என் கண்ணுக்கு நேரே நீட்டி, "அப்பா, உங்களுது வாயி பிளக்குது. என்னுது பிளக்கல பாருங்க" என்றாள். பார்த்தேன். பிளக்கவில்லை. "எப்படிடீ?" என்று கேட்டேன். "நீங்க அடிச்சுக்கிட்டே இருக்கீங்க. நான் கொஞ்சம் அடிச்சிட்டு, நேத்து உங்களக் கேட்டுட்டு பேனாவுல மாட்டிப் பழுக்க வெச்சு, ஆற விட்டு, மறுபடி அடிச்சேன். கம்பிக்கும் வலிக்கும்ல" என்றாள்.

அவள் சொன்னது சரி. தொழில் கற்றுக்கொண்ட முதல் வருஷத்தில் எனக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருபது வருஷத்தில், அவசரத்தில், விட்டுவிட்டேன். கம்பியில் குற்றமில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை அதை என் முகத்துக்கு நேரே சொன்னபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. "போடி அந்தப் பக்கம்" என்று அவள் கையைத் தள்ளினேன். பேனா பிடித்திருந்த கையாலேயே.

அலறல் கேட்டு உன் அண்ணி ஓடிவந்தாள். "என்னாச்சு?" என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது: "தொடாதே தொடாதேன்னு சொல்லச் சொல்லத் தொட்டுட்டா." வாலு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அழுகைகூட ஒரு கணம் நின்றது. அதற்குள் அண்ணியின் அடி விழுந்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் கட்டுப் பிரிக்கும் நாளில், அப்புறம் காயம் ஆறட்டும் என்று. வால் என்று பேர் வாங்கிய பிள்ளை, அதனால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்தப் பேரை வைத்தவனும் நான்தான்.

இன்று இதை எழுதக் காரணம் வேறு. முந்தாநாள் தையல்காரம்மா வீட்டுக்கு வந்த ஒரு சின்னப் பெண் வாலுவிடம் தழும்பைப் பற்றிக் கேட்டது. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். வாலு சொன்னாள்: "அப்பா வேணாம்னாங்க. எனக்கு அந்தச் சிவப்பப் பாக்கப் பாக்க ஆசையா இருந்துச்சு. அப்பா திரும்புனதும் தொட்டுட்டேன்." நான் இப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. சிவப்பும் ஆசையும் அவளாகச் சேர்த்துக்கொண்டவை. அவளுக்கு அது ஞாபகமாகவே ஆகிவிட்டது. சூடு சொரணை இல்லாதவன் என்று ஊரில் திட்டுவார்கள். சூடு அவளுக்குப் போட்டேன். சொரணை எனக்கு இப்போதுதான் வந்தது.

உன்னிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பாரம் குறைந்தது. நீ என்னை வெறுக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

அண்ணன்

ஜூலை 19

அண்ணா,

உன் பாரம் குறைந்ததாக எழுதியிருக்கிறாய். அது என் மேல் ஏறிவிட்டது, அவ்வளவுதான். வாலுவின் மேல் இருப்பது அப்படியே இருக்கிறது. என்னிடம் சொன்னது சொன்னதில் சேராது. நான் வெறுக்கிறேனா இல்லையா என்று நீ இப்போது யோசிக்க வேண்டாம்.

நானும் அவளைத் திட்டினேன். "அப்பாவுக்குத் தெரியாதா?" என்று எழுதினேன். அதை அவள் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறாள். அண்ணியின் கடிதத்தில் அதைப் படித்ததிலிருந்து எனக்கு இங்கே யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

இதற்குள் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. வாலுவுக்கு நான் கேட்கும் மன்னிப்பு. நீ அவளிடமும் அண்ணியிடமும் உண்மையைச் சொன்ன பிறகுதான் அதைக் கொடுக்க முடியும். அதற்கு முன்னால் கொடுத்தால் அவளுக்கு ஒன்றும் புரியாது. பட்டறை மேசைமேல் உன் கண்ணில் படுகிற மாதிரி வை.

கொக்குப் பலகைகளைக் கத்திமுனையால் முடித்துவிட்டேன். எல்லாம் கோடுதான், நிழல் இல்லை. முதலாளி பரவாயில்லை என்றார். முனை எதுவும் அனுப்ப வேண்டாம்.

அண்ணி நலமா? நீ சாப்பிடு.

தங்கை

ஆகஸ்ட் 30

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் உடம்பளவில் நலம். நீயும் அப்படி இருக்க வேண்டும்.

உன் உறை பதினேழு நாள் என் மேசைமேல் இருந்தது. பதினெட்டாம் நாள் காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். உனக்கு எழுதியதைவிடக் குறைவான வார்த்தைகளில் சொன்னேன், வாய் அதற்கு மேல் வரவில்லை.

உன் அண்ணி, "என்னை அடிக்க விட்டுட்டுப் பார்த்துக்கிட்டு நின்னீங்க" என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். அப்புறம் எழுந்துபோய் உலர்ந்த துணிகளை எடுத்து, மடித்ததையே பிரித்துப் பிரித்து மடித்தாள். இன்றுவரை சோறு போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்கு வாயில்லை.

வாலு கேட்டாள்: "அப்போ நான் தொடலையா?"

"தொடலம்மா."

"ஆனா எனக்கு ஞாபகம் இருக்கே, அப்பா."

இதற்கு என்ன பதில் சொல்வது, நீ சொல். "அது நான் சொன்ன பொய்ம்மா. கேட்டுக் கேட்டு உனக்கு அப்படித் தோணுது" என்றேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் தொடவே இல்லையா?" என்று மறுபடி கேட்டாள். அன்று முழுக்க, எங்கெங்கோ இருந்து வந்து வந்து அதையே கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றேன். உன் உறையைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அத்தை எதுக்கு மன்னிப்பு கேக்குறாங்க? அவங்களுக்குத்தான் தெரியாதே" என்றாள். தலையணைக்கு அடியில் இருந்த உன் பழைய காகிதத்தை எடுத்து வந்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். கோபமாக வைக்கவில்லை. எனக்கு வந்த தபாலை என்னிடம் சேர்ப்பதுபோல் வைத்தாள்.

மறுநாள் காலை ஒரு நோட்டுத் தாளோடு வந்து நின்றாள். அதில் நாலு வரி. தையல்காரம்மா. என் சிநேகிதி. வகுப்பு டீச்சர். நர்சக்கா.

"இவங்களுக்கெல்லாம் யாரு சொல்வாங்க?" என்றாள்.

அழவில்லை, கெஞ்சவில்லை. கடைக்குப் போக வேண்டிய சாமான் பட்டியல் மாதிரி நீட்டினாள். செருப்பை மாட்டிக்கொண்டேன்.

தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான், "அன்னிக்கு இவ தொடலைங்க. என் கையில இருந்த பேனா இவ கையில பட்டுடுச்சு" என்றேன். பக்கத்திலிருந்து குரல் வந்தது: "பட்டுடுச்சு இல்லப்பா." நான் திருத்திச் சொன்னேன்: "கோபத்துல நான் தள்ளினேன். சுட்டது நான்தான். பழியை இவ மேல போட்டேன்." தையல்காரம்மா, "சரி விடுங்க, பெத்த அப்பன்தானே, வேணும்னா செஞ்சீங்க?" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிடத் துடித்தேன். வாலு நகரவில்லை. தையல்காரம்மா அவளைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "பூனைன்னு சொன்னேனே கண்ணு, தப்பு" என்றார். அப்புறம்தான் நகர்ந்தாள்.

சிநேகிதியின் வீட்டில், அந்தப் பெண் கேட்டுவிட்டு, "அப்போ உங்கப்பாதான் வாலா?" என்றது. அந்தப் பெண்ணின் அம்மா அதன் வாயைப் பொத்தினாள்.

டீச்சர் வாலுவை வெளியே போய் நிற்கச் சொல்லிவிட்டு என்னோடு பேசினார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். மாணவன் மாதிரி கைகட்டி நின்று கேட்டேன். அவர் பேசியதில் ஒன்றைக்கூட நான் மறுக்க முடியாது. "ஆறு மாசமா எதைக் கேட்டாலும் 'தெரியல டீச்சர்'னு சொல்றா. தெரிஞ்சும் சொல்றா. எனக்கு இப்பதான் புரியுது" என்றார்.

கடைசியாக டாக்டர் வீடு. நல்ல கூட்டம். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் என் பக்கத்தில் உட்காராமல் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். யாராவது அந்த இடத்தில் உட்கார வந்தால் நான் அவள் பக்கம் நகர்ந்துவிடுவேனோ என்று பார்த்தாள். நான் நகரவில்லை.

நர்சுக்கு எங்களை அடையாளமே தெரியவில்லை. தினமும் எத்தனை காயம் பார்க்கிறவர். "கையில என்ன? காயமா?" என்று கேட்டு, அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். "நல்லா ஆறியிருக்கே." நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். பொட்டலம் திரும்பி வந்ததிலிருந்து, அவள் செய்த கரண்டி பிளக்காததிலிருந்து, தள்ளியதிலிருந்து, பொய்யிலிருந்து. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் "அட!" என்றது என் காதில் விழுந்தது. முகம் எரிந்தது. நிறுத்தாமல் சொல்லி முடித்தேன்.

நர்சுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மருந்துச் சீட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரிங்க. இப்ப எதுக்கு வந்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாலு சொன்னாள்:

"ஒண்ணுமில்லக்கா. சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

உன்
அண்ணன்